ரிக் லாரியைச் செய்தது யார்

இணையத்தில் இலவசமாகப் போட்ட கேம் லாரியின் உரிமக் குறிப்பு தெளிவானது: எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம், முதலில் செய்தவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. வழக்கம்போல் விதியில் குறையில்லை, படிப்பதற்குத்தான் ஆளில்லை. எருமப்பட்டி பேருந்தில் முன்னிருக்கையில் ஓர் இளம்பெண், பக்கத்தில் அவள் அக்கா.

"வீடியோ கேம்ல ஓட்டற அந்த போர் போடற ரிக் லாரிய நாந்தானுங்க்கா செஞ்சு நெட்டுல போட்டேன். எவனோ என் பேர அழிச்சுட்டு அவன் பேரப் போட்டுட்டான். டேங்க்குல வரைஞ்ச எங்கூட்டு நாய் அப்படியே நிக்குது."

"நாயக் கூப்புட்டு சாட்சி சொல்லச் சொல்லு."

"சிரிக்காதீங்க்கா. திங்கக்கிழமை கேம் கம்பெனி இன்டர்வியூல, 'இது நீங்க செஞ்சதா, சுட்டதா'ன்னே கேட்டுட்டாங்க."

"முன்னாடியே அவனுக்கு எழுதுலியா?"

"மூணு மெயில் போட்டேனுங்க்கா."

"அந்த வேலைக்கு அவனும் அப்ளிகேசன் போட்டிருப்பான் புள்ள."

"எனக்கும் அதே சந்தேகந்தானுங்க்கா."

"பதிலே வரலியா?"

"வந்துச்சு. 'மன்னிக்கணும், உங்க பேரச் சேத்துட்டேன்'னு. செவ்வாக்கிழமை."