‘இல்லை’ என்று முப்பத்தொரு வாரம் அழுத்தியது குறித்து

எனது பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியுள்ளபடி. வயது ஐம்பத்தொன்று. சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான் பிரிவில் வேலை. சைக்கிளில்தான் போய் வருகிறேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து செல்போனில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். எங்கே பள்ளம், எங்கே பாதை மறிப்பு என்று யாரும் குறி வைத்து, எழுதியோ பேசியோ புகார் போடலாம். நகராட்சி வேலையை முடித்ததும், அவ்வழியே போகிறவர்களிடம் ‘சரியாகிவிட்டதா?’ என்று கேட்கும். ஒருவர் ‘இல்லை’ என்றாலும் புகார் இன்னொரு வாரம் இருக்கும். எல்லோரும் ‘ஆம்’ என்றால் குறியும் குரலும் அழிந்துவிடும்.

ஆலைத் தெரு முனையில் மழைநீர் வடிகால் மூடியில் சக்கரம் போகிற வாக்கிலேயே கம்பி போட்டிருந்தார்கள். அதைப் பிறகு மாற்றிக் குறுக்குக் கம்பி போட்டார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் கழித்து, அந்த முனையில் என் போன் ‘சரியாகிவிட்டதா?’ என்று கேட்டது. யார் போட்ட புகார் என்று தொட்டுப் பார்த்தேன். அவர் பேசினார். அதன் பிறகு அங்கேயே நின்று திரும்பத் திரும்பக் கேட்டதில், வேலைக்குப் பிந்திப் போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகும் முன் ‘இல்லை’ என்று அழுத்தினேன். அதன் பிறகு வாராவாரம் அழுத்தினேன். எது சரியாகிவிட்டது என்று கேள்வியில் இல்லை. எனக்கு எதுவும் சரியாகவில்லை.

குரலைத் தனியாகப் பதிந்து வைத்திருக்கலாமே என்று, வழக்கை விசாரித்து இதை எழுதிக்கொள்கிற ஐயா கேட்டார். பதிந்தேன். அது வீட்டில் பேசுகிறது. இது அந்த முனையில் பேசியது. வேலை முடிந்து வரும்போது அங்கே ஆள் நிற்கிற நினைப்பில்தான் மிதிப்பேன்.

என் பேச்சை நம்பி நகராட்சி ஆட்கள் நான்கு முறை வந்து நல்ல மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். நான்காம் முறை வந்தவர்கள் அன்று மேம்பாலத்தடிப் பள்ளத்தை மூடப் போயிருக்க வேண்டியவர்கள். மறுநாள் அதில் சைக்கிளோடு விழுந்து ஒரு டீச்சருக்குக் கை முறிந்தது. இது எனக்குத் தெரியாது. ஐயா சொல்லித்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு, இன்று காலை ஐயாவுடன் அந்த முனைக்குப் போனேன். கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொண்டு ‘ஆம்’ என்று அழுத்தினேன். குறி போய்விட்டது. அவர் பேசியதை இதில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வழக்குக்குத் தேவையில்லை என்றார் ஐயா. அந்தப் புகாருக்கு வேறு தாள் கிடையாது என்றேன். எழுதிக்கொண்டார்:

“ஆலைத் தெரு முனையில கம்பிச் சந்து அகலமா இருக்குங்க. நேத்து என் வீட்டுக்காரி விழப் பாத்தா. வேற வழியா போன்னா கேக்க மாட்டா. அவ வர்ற வழி இது. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க.”

என்னிடம் ஒருநாளும் இப்படிப் பேசியவரல்ல. நகராட்சியிடம் பேசியிருக்கிறார்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் தவறு. நான் விழப் பார்க்கவில்லை. காலை ஊன்றிவிட்டேன்.

(கையொப்பம்)