பிரேக்குக்கு வைத்த பொட்டு

பழைய செருப்பை நான் தூக்கி எறிவதில்லை, அனுப்ரியா. தேக்கா சந்தையில் வாங்கும் நீல ரப்பர் செருப்புக்கு வார் அறுந்தாலும் அடிப்பாகம் நன்றாகத்தான் இருக்கும். ஆடும் மேசைக்கால், அடித்துக்கொள்ளும் கதவு, எல்லாவற்றுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கலாம். பிரேமின் கம்ப்யூட்டர் விளையாட்டு ஸ்டியரிங்கைக் கழற்றிப் பெட்டியில் வைக்கப்போன இடத்தில் உன் கைக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு துண்டுதான். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், பெர்த் நகரிலிருந்து விமானமேறி இவ்வளவு தூரம் வந்து கேட்கிறாய். சொல்கிறேன், உட்கார்.

அந்த ஸ்டியரிங் வந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் ஆகாது. சாப்பாட்டு மேசையில் திருகி மாட்டி, கீழே பிரேக், ஆக்சிலரேட்டர் மிதிகளைப் போட்டுவிட்டான். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பந்தயக் கார் ஓட்டி விளையாடத்தான் வாங்கினான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பிறகு லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டான். ஓட்டுநர் பள்ளியில் பயிற்சிக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் ஊருக்குள் கார் ஓட்டுகிற விளையாட்டாகப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே பழக ஆரம்பித்தான்.

"பிரேக்தான்மா எனக்கு வீக். கால் பழகிட்டா பாஸ் லா. பாஸ் ஆனா பெர்த் வேலை கன்ஃபர்ம், அங்க லைசென்ஸ் கேக்குறாங்க. ஜனவரியில அனுவும் நானும் கிளம்பிடுவோம்."

"அப்ப நான்?"

"நீங்க வந்து வந்து போங்க."

வந்து வந்து போகவாம். விருந்தாளிக்குச் சொல்வதைப் பெற்றவளுக்குச் சொன்னான். அவன் அப்பா போன பிறகு பஃபலோ ரோட்டில் ரவிக்கை தைத்துத் தைத்து ஆளாக்கிய பிள்ளை. ஆனாலும் நான் கத்தவில்லை. சாப்பிட்டுவிட்டு விளையாடு என்றேன்.

ஆயுத பூஜையன்று, "நம்ம வீட்டு வண்டிக்கும் பொட்டு வைங்கம்மா" என்று சிரித்தான். தையல் மெஷினுக்கு வைத்த கையோடு ஸ்டியரிங்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மிதிகளுக்கு வைக்க மேசைக்கடியில் குனிந்தபோதுதான் பிரேக்குக்குப் பின்னால் இருந்த சுருள்கம்பியைப் பார்த்தேன். அமுக்கினால் மெத்தென்று உள்ளே போனது. அந்த இடைவெளியில் ஒரு ரப்பர் துண்டு தாராளமாக நுழையும் என்று பட்டது.

முதலில் மெல்லிய சீவல்தான் வைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனைக் கூட்டினேன். ஒரேயடியாக வைத்தால் கண்டுபிடித்துவிடுவான் அல்லவா.

"ஓங்கி மிதிச்சாத்தான்மா நிக்குது. இவ்வளவு நாளா நான்தான் சரியா மிதிக்கல போல" என்றான்.

தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொள்ளும் பிள்ளை, பாவம். ஓங்கி மிதிக்கவே பழகினான். நிஜக் காரில் அப்படி மிதித்தால் வண்டி குலுங்கி நிற்கும், தேர்வாளர் தோல்வி போட்டுவிடுவார். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். மூன்றாம் முறையும் தோற்றால் பெர்த் வேலை கைநழுவும், நீங்கள் இருவரும் இங்கேயே இருப்பீர்கள். உனக்கும் சேர்த்துத்தான் நல்லது நினைத்தேன்.

தேர்வன்று நடந்தது உனக்குத் தெரியும். சாலையைக் கடக்க ஒரு கிழவர் திடீரென்று இறங்கியிருக்கிறார். பிரேம் பழகிய காலால் ஓங்கி மிதித்திருக்கிறான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மாசிலாமணி காரில் மோதித் தூக்கி எறியப்பட்டார். ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வந்து போனவர். பிழைக்கவில்லை. இடைவெளி விடாமல் வந்தது அவர் தவறு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மாலை வாங்கிக்கொண்டு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன். அவர் மனைவி கண்மணி, "பஞ்சவர்ணம் அக்கா, உங்க மகன் மேல எனக்குக் கோவமே இல்ல" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நல்ல பெண்.

அதன்பிறகு நீ தனியாகப் பெர்த்துக்குப் போனாய். பிரேம் வாசலைத் தாண்டுவதில்லை. "இந்தக் கால்தான்மா கொன்னுச்சு" என்று வலது காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் பிசைந்து ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறான்.

அந்தத் துண்டை முன்பே எடுத்திருக்கலாமே என்கிறாய். எடுத்திருக்கலாம். அதற்குப் பிறகாவது, தவறு அவன் காலில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எழுந்து நடந்திருப்பான். நடந்து எங்கே போயிருப்பான் என்று உனக்கே தெரியும்.

சத்தம் போடாதே, உள்ளே தூங்குகிறான். எழுந்ததும் நீயே அவனிடம் சொல். நான் தடுக்கமாட்டேன். அவன் நேராக என்னிடம் வந்து, "அம்மா, அனு சொல்றது நிஜமா?" என்று கேட்பான்.

நான் அவனைப் பெற்றவள். இல்லப்பா என்பேன். அவன் நம்புவான்.