பேக்கப் எடுத்த பிறகுதான் கை வைத்தேன்

ஒரு சர்வரை அப்டேட் செய்ய நாற்பது நிமிஷம் போதும், அத்தான். அதிலும் முப்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் நின்றுகொண்டே பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் யாரோ காறிக் காறித் துப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு விஷயம் புரிய வேண்டும். என் வீட்டுப் பின்னறையில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓடுகிறதே, அதுதான் சர்வர். உங்கள் மகன் ஆடிய அந்த கேமின் உலகம் முழுக்க அதற்குள் இருக்கிறது. காடு, ஏரி, மலை, நாற்பது பேர் கட்டிய வீடுகள். அவரவர் வீட்டிலிருந்தே அதற்குள் வந்து ஆடுகிறார்கள், பொறுப்பாளர் நான். கேம் கம்பெனி புது வெர்ஷன் விட்டால் சர்வரையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது. வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அறிவிப்பு போட வேண்டும், நிறுத்த வேண்டும், உலகத்தை இன்னொரு டிஸ்கில் பேக்கப் எடுக்க வேண்டும், அதன்பிறகுதான் அப்டேட். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இந்த வரிசையை மாற்றியதில்லை. பேக்கப் எடுக்காமல் அப்டேட் செய்கிறவர்களைப் பார்த்தால், பல் தேய்க்காமல் சாப்பிட உட்காருகிறவர்களைப் பார்ப்பது போலிருக்கும் எனக்கு.

உங்கள் மகன் பதினேழு வயதில் அங்கே வந்தான். இருபத்துமூன்று வயதுவரை வந்தான். ஏரியைப் பார்த்த மாதிரி மலைமேல் ஒரு மரவீடு கட்டியிருந்தான். இந்த கேமில் ஒருவர் வெளியே போனால் அவருடைய உருவம் மறைந்துவிடாது, விட்ட இடத்திலேயே படுத்துத் தூங்கும். லாரி மோதியதற்கு முந்தின நாள் அவன் அந்த வீட்டில் சிவப்புச் சட்டையோடு படுத்தான். அப்படியே கிடந்தான். துக்கத்துக்கு வந்த சிநேகிதன் ஒருவன் இதை அக்காவிடம் சொல்லித் தொலைத்துவிட்டான்.

அடுத்த வாரமே அக்கா போன் செய்தாள். "தம்பி, அவன் அங்க படுத்திருக்கானாமே. ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டுடா."

நான் மறுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து அவன் கம்ப்யூட்டரிலேயே அவளுக்கென்று தனிக் கணக்கு போட்டு எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தேன். அந்தக் கீபோர்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எழுத்துகளுக்கு நடுவே முடி, நகத்துணுக்கு, நமுத்துப்போன பிஸ்கட் தூள். மேலே விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிற பிசுக்கு. நான் துணியை எடுத்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதடா. அவன் விரல் பட்டது."

துணியை மடித்து வைத்துவிட்டேன். செத்தவனின் அழுக்கைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வதற்குப் பெயர் பாசம் என்றால், அந்தப் பாசம் எனக்கு வேண்டாம்.

ஒரு தடவை என்றவள் தினமும் வந்தாள். நீங்கள் காலையில் வேலைக்குக் கிளம்பியதும் உட்கார்ந்தால் சாயந்தரம் உங்கள் வண்டிச் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். ஐம்பத்துநாலு வயதில் ஒரே வாரத்தில் நடக்க, மரம் வெட்ட, சுவரைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டாள். அந்த உலகத்தில் வீடுகள் தானாகவே மக்கிக்கொண்டு வரும். வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டியில் மரம் போட்டுக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். பெட்டியை நிரப்பிவிட்டுச் சிவப்புச் சட்டையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மைக்கில் பேசுவாள். "சாப்பிட்டியாடா? இன்னைக்கு வெயில் என்ன வெயில் தெரியுமா?" நடுநடுவே அழுகை. மூக்கை உறிஞ்சுவது, எச்சில் விழுங்குவது, புடவையில் சளியைச் சிந்துவது, ஒன்று விடாமல் மைக் எடுத்துக் கொடுக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பொறுப்பாளர் யார் கண்ணுக்கும் படாமல் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். நான் அந்த வீட்டு மூலையில் நின்றேன். தினமும் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று. கண்காணிப்பது என் வேலை.

மற்ற ஆட்டக்காரர்கள் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்களும் மரம் சுமந்துகொண்டு வந்தார்கள். வாசல் முழுக்கப் பூச்செடி நட்டார்கள். அவளை அம்மா, அம்மா என்று கூப்பிட்டார்கள். ஒழுங்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடம் இழவு வீடாகிவிட்டது.

நான் அவசரப்படவில்லை. முதலில் மெதுவான வழியைத்தான் பார்த்தேன். வீடுகள் எவ்வளவு வேகத்தில் மக்க வேண்டும் என்பதற்கு செட்டிங்ஸில் ஒரு எண் உண்டு. ஒன்று என்றிருந்ததை நான்காக்கினேன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும். அவளே அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நான்கு மடங்கு மரம் வெட்டினாள். எட்டாக்கினேன். பிப்ரவரியில் அவள் வலது மணிக்கட்டு வீங்கி, நீங்கள் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டீர்களே, வயதாகிவிட்டது என்று அவர் சொன்னாரே, அது மரம் வெட்ட மவுஸை அழுத்தி அழுத்தி வந்ததுதான். கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் வெட்டினாள். பிடிவாதத்தில் எங்கள் குடும்பமே அப்படித்தான்.

பிறகு பெரிய அப்டேட் வந்தது. பழைய உலகத்தை அப்படியே புது வெர்ஷனுக்குக் கொண்டுபோகலாம் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. காலை பதினொரு மணிக்கு அறிவிப்பு போட்டேன். எல்லோரும் வெளியேறினார்கள், அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். போன் வந்தது.

"தம்பி, மேல ஏதோ எழுத்து ஓடுதே. என்னடா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. சின்ன வேலை. நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

"இவனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"நான் இருக்கேன்ல?"

அவள் சிவப்புச் சட்டையைப் பார்த்து, "இதோ வந்துடறேன் கண்ணா" என்றாள். நான் சர்வரை நிறுத்தினேன். பேக்கப் எடுத்தேன். அப்டேட் செய்தேன். பழைய உலகத்தை அழித்துவிட்டுப் புது உலகம் ஒன்றைப் போட்டேன். கோப்பு கெட்டுவிட்டது, பேக்கப்பும் கெட்டுவிட்டது என்று எல்லோருக்கும் எழுதினேன். ஆறு வருஷமாக நான் பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை. வருத்தப்பட்டார்கள், நம்பினார்கள்.

புது உலகத்தில் யாராக இருந்தாலும் கடற்கரையில்தான் கண் விழிக்க வேண்டும், கையில் ஒரு கல் மட்டும் இருக்கும். அக்காவும் அப்படித்தான் விழித்தாள். அவளுக்குப் புரியவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் நடந்தாள். மலை இல்லை, ஏரி இல்லை. நீங்கள் வரும்வரை நடந்தாள். நான் பக்கத்திலேயே நடந்தேன், தனியாக விட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டை விட்டதும், மூக்கில் குழாய் போட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. நேற்று டாக்டர் உங்களிடம் பேசிவிட்டுப் போனதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "மச்சான், பேக்கப் எடுக்காம நீ எதையும் தொடமாட்டியே. எங்கியாவது இருக்கா? அதைக் காட்டினாலாவது ஒரு வாய் சாப்பிடுவாடா."

இருந்தது. பழுதில்லாமல் இருந்தது. திறந்தே பார்த்தேன், அவன் படுத்திருந்தான். பத்தொன்பது நாள் வைத்திருந்தேன், மனம் மாறினால் கொடுத்துவிடலாம் என்றுதான். இருபதாம் நாள் அக்கா போன் செய்தாள். குரலே எழும்பவில்லை. "ஒரு தடவை பாத்துட்டு விட்டுடறேன்டா, சத்தியமா" என்றாள். பிறகு அந்தச் சத்தம், மூக்கை உறிஞ்சி விழுங்குகிற சத்தம், காதுக்குள்ளேயே ஒழுகுவது போல. போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் பேக்கப்பை அழித்தேன். மீட்க முடியாதபடி மேலே வேறொன்றை எழுதினேன். "பாக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை.

அவன் கடைசியாகப் படுப்பதற்கு முன் எழுதிய வரி சர்வர் லாக்கில், அதாவது அங்கே நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவில், இன்னும் கிடக்கிறது. "மாமா, வீட்டைப் பாத்துக்கோங்க. நாளைக்கு வர்றேன்." எனக்குத்தான் எழுதினான். அவனுக்கு முதல் கோடரி செய்யக் கற்றுக்கொடுத்தது நான், மலையுச்சியைக் காட்டியது நான். துக்க வீட்டில் எல்லோரும் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சர்வரிலும் அவளுக்குத்தான் பூ. உனக்கு எப்படியிருக்கிறது என்று இன்றுவரை ஒருத்தர் என்னைக் கேட்கவில்லை, நீங்கள் உள்பட. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை, அத்தான். அந்த மூக்குச் சத்தம்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.