ஏழாம் கரை வரை

டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், மேடம். மற்றபடி நல்ல டீ. முழு டம்ளரையும் குடித்த பிறகுதான் சொல்கிறேன். முதல் வாயிலேயே சொல்லியிருக்கலாம், அது முறையில்லை.

என் பெயர் கணேஷ்ராம். மலைக்கோயில் மடப்பள்ளியில் நான்கு தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். காலையில் அங்கே வேலை. மத்தியானத்துக்கு மேல் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். உங்கள் ஏட்டையா அதைக் கேட்டுச் சிரித்தார், பரவாயில்லை. என் வலைப்பூவுக்கு முப்பத்தொரு வாசகர்கள். அதில் இரண்டு கணக்கு என்னுடையவை.

நல்ல விமர்சகனுக்கு வேகமான விரல்கூட வேண்டியதில்லை, பொறுமை போதும். மோசமான ஆட்டமானாலும் கடைசித் திரை வரை உட்கார வேண்டும். தோற்ற இடத்தில் ஆட்டத்தைத் திட்டும் முன் தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரணிதரனிடம் அந்தப் பொறுமை இல்லை. ஆர்.கே.பேட்டைக்காரன், இருபத்தாறு வயது, யூடியூபில் அவன் பேச்சைக் கேட்க இரண்டு லட்சம் பேர். ஆடி பிறக்கும் முன் 'ஏழாம் கரை' என்று ஒரு ஆட்டம் வந்தது. இரண்டே பேர் நான்கு வருடம் உழைத்துச் செய்தது. ஏழு கட்டம், முப்பது மணி நேரம். நான் பாராட்டி ஏழு பக்கம் எழுதினேன். அவன் ஆடியது நாற்பத்தேழு நிமிடம். அவனுடைய கேம் கணக்கிலேயே அது தெரியும், யாரும் பார்க்கலாம். "மொக்க கேம்பா, வாங்காதீங்க" என்று வீடியோ போட்டான். என் கட்டுரையையும் அதில் காட்டி, "ஏழு பக்கம் எழுதிகினு கீறாரு ஒரு அண்ணாத்த, யாருபா படிக்கிறது?" என்றான். அது என்னைப் பாதிக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் லாட்ஜ் கிடைக்காது. காவடியை வீடியோ எடுக்க வந்தால் என் வீட்டில் தங்கலாம் என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன், வந்தான். மரியாதை தெரிந்தவன். செருப்பை வெளியே விட்டான், ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டான். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோயாம். தினம் நான்கு வேளை போட்டாக வேண்டுமாம்.

பின்கட்டு அறையில் டிவி, அதில் மாட்டிய என் கேம் பெட்டி, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. அவன் உள்ளே போனதும், சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு கதவை வெளியே பூட்டினேன்.

"இன்னாண்ணா, வெளாட்டுக்கா?" என்றான்.

"ஆங், வெளாட்டுதான். ஏழு கட்டமும் முடிச்சிட்டு வேற வீடியோ போடு, போலாம்."

ஜன்னல் வழியாகக் கத்திப் பார்த்தான். தெருவெல்லாம் பம்பை, மலை முழுக்க அரோகரா. அந்த வாரத்தை நான் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான், மறைக்கவில்லை.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், எல்லாம் மடப்பள்ளியிலிருந்து சூடாக வந்தது. ஊசியை மட்டும் கட்டத்துக்கு ஒன்று என்று வைத்தேன். முதல் நாளில் மூன்று கட்டம் முடித்தான், மூன்று ஊசி கொடுத்தேன். மறுநாள் நான்காவதில், பாலம் இடிந்து விழும் இடத்தில், அவனாகவே, "இது நல்லா கீதுண்ணா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் முடித்து நான்காவது ஊசியை வாங்கிக்கொண்டான்.

"நான் சொன்னது தப்புதாண்ணா. வீடியோல சொல்லிடறேன், தொறந்து உடு."

"இன்னும் மூணு கட்டம் கீது" என்றேன்.

ஐந்தாவது கட்டம் கஷ்டம்தான். மூன்றாம் நாள் ஓயாமல் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். வாந்தி எடுத்தான், துடைத்துவிட்டேன். "கண்ணு மங்குதுண்ணா, பட்டன் தெரியல" என்றான். அன்று அவன் போனில் அவன் அம்மா ஜம்பகம் கூப்பிட்டார்கள். "ஆட்டத்துல கீறாரும்மா, முடிச்சிட்டுப் பேசுவாரு" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை மூச்சு இரைத்தது. கண்ட்ரோலரை அவன் கையில் வைத்தேன், விரல் மடங்கவில்லை. மருந்து ஏழடி தூரத்தில், ஃபிரிட்ஜில்தான் இருந்தது. கட்டம் முடியாமல் கொடுத்தால், அவன் கஷ்டப்பட்டு முடித்த நான்குக்கும் மதிப்பு இல்லாமல் போயிருக்கும். பதினோரு மணிக்கு மூச்சு நின்றது.

மத்தியானம் அவன் அம்மா, மகன் முன்பே சொல்லியிருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது நான்தான். "எம்புள்ள சாப்ட்டானாப்பா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டான் என்று சொல்லி உள்ளே அழைத்துப்போனேன்.

ஏழாம் கரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது, மேடம். நானும் ஐந்தாவதில்தான் நிற்கிறேன். ஒரு மாதம் முயன்று பார்த்தேன், என் கைக்கு அது வரவில்லை. பரணிதரன் முடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இப்படிப் பாதியிலேயே விட்டுவிடுவான் என்று நினைக்கவில்லை.