குருணை ட்ரம்களில் ஓட்டை விழுந்த விதம்

என் பெயர் விநாயகமூர்த்தி. தகப்பனார் பெயர் தங்கவேலு. வயது நாற்பத்தேழு. சொந்த லாரி ஓட்டுகிறேன். யாங்கூன், தாமுவே மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் குடியிருக்கிறேன். எனக்குப் பர்மிய மொழி நன்றாகத் தெரியும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வாயில் வருகிறது, இந்த விஷயத்தில் கோபம் கட்டாயம் வரும் என்று சொல்லித் தமிழிலேயே பேச அனுமதி கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் ராதா உடனிருக்க இது எழுதப்படுகிறது.

ஷ்வேப்யிதாவில் பெயிண்டும் பசையும் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்கு நான் சரக்கு ஏற்றுகிறேன். அங்கே கோ சிவராஜ் மேனேஜர். மா சாந்தகுமாரி தரப் பரிசோதனை அதிகாரி. (இங்கே மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன் ‘கோ’, பெண் பெயருக்கு முன் ‘மா’ சேர்த்துச் சொல்வோம்.) தொழிற்சாலை ட்ரம்களை வேண்டுமென்றே சேதப்படுத்தினார் என்று மா சாந்தகுமாரிமேல் கோ சிவராஜ் கொடுத்த புகாருக்குத்தான் என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். அவரை ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தண்டனையும் வந்தால் வேறு எந்தத் தொழிற்சாலையும் அவரைச் சேர்க்காது.

வருடா வருடம் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர்மேல் தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் நிரப்ப இந்தத் தொழிற்சாலையின் காலி இரும்பு ட்ரம்களைத்தான் நான் இரவல் வாங்கி வருவது வழக்கம். இந்த வருடமும் திருவிழாவுக்கு முந்திய நாள் மத்தியானம் போனேன். கோ சிவராஜ் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். ஏற்றிக் கயிறு கட்டி வண்டியைக் கிளப்பும்போது மா சாந்தகுமாரி வந்து முன்னால் நின்றுகொண்டார். ஹாரன் அடித்தேன். அசையவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“மா சாந்தா, வருசா வருசம் குடுக்கிறதுதானே! மேனேஜரே குடுத்துட்டாரு, ஒங்களுக்கு என்ன வந்திச்சு?” என்று கத்தினேன்.

அதன் பிறகு அவர் லாரியில் ஏறி, கையை நனைத்து ஒரு ட்ரம்முக்குள் விட்டுத் தடவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளங்கை முழுக்க ரவை மாதிரி அப்பியிருந்தது. சுவர் சொரசொரப்பாக வருவதற்குப் பெயிண்டில் கலக்கும் பிளாஸ்டிக் குருணை அது, எத்தனை வருடம் போனாலும் மக்காது என்றார். பெயிண்டை வாங்கும் வெளிநாட்டில் இதற்கு இப்போது சட்டம் வந்துவிட்டது, எவ்வளவு வெளியே போகிறது என்று கணக்குக் கேட்கிறார்கள், அதனால்தான் கழுவு நீரைக்கூடச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் பிடிக்கிறோம் என்றார். நானும் விடவில்லை.

“நாங்க நல்லாக் கழுவிட்டு ஊத்துறோம், போதுமா?”

“கழுவுற தண்ணி எங்கண்ணே போவும்?”

எங்கள் தெருச் சாக்கடைக்கு என்று யோசிக்காமல் சொன்னேன். அது ஆற்றுக்குப் போகும் என்பது எனக்கும் தெரியும். “கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். தண்ணி ஊத்தினா பிள்ளைங்க வாயத் தொறந்துதானே சிரிக்கும்?” என்று அவர் கேட்டதும் நான் போய் என்ஜினை அணைத்தேன்.

அதன் பிறகு கோ சிவராஜ் வந்து, “மூணு நாலு நாள் கூத்துக்கு வெள்ளைக்காரனா வந்து பாக்கப் போறான்? நீங்க வண்டிய எடுங்க” என்றார். “அவன் பாக்க மாட்டான். பாக்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்?” என்றார் மா சாந்தகுமாரி. அதன் பிறகு என் டூல்ஸ் பெட்டியிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்தார். இடுப்பில் கட்டியிருந்த தமெய்ன் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, முதலில் கயிற்றை அவிழ்த்து ட்ரம்களைச் சாய்த்து, என் தார்ப்பாயை அவற்றுக்கு அடியில் விரித்தார். ஓட்டை போடும்போது ஒரு குருணைகூடக் கீழே சிந்தக் கூடாதாம். அடேயப்பா, அந்த ஆத்திரத்திலும் அந்த நிதானம்! மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார். மா சாந்தகுமாரி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, ஒவ்வொரு ட்ரம்மாக அடிப்பாகத்தில் துளைத்துக்கொண்டே போனார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அப்படி ஓர் ஆளை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

அந்தத் திருவிழாவுக்கு எங்கள் பந்தலில் வாளிகள்தான். தெருக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

ட்ரம்களில் ஓட்டை போட்டது மா சாந்தகுமாரிதானா என்று விசாரணை அதிகாரி கேட்டார். ஆமாம், என் கண்ணால் பார்த்தேன், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாதிக்குமேல் அவர் கை ஓய்ந்துவிட்டது. சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை அடித்தவன் நான். கோ சிவராஜ் அதையும் நின்று பார்த்தார். புகாரில் என் பெயரை மட்டும் விட்டுவிட்டார், ஏனென்றால் அவருக்கு நாளைக்கும் லாரி வேண்டும்.

மேற்கண்டதை ராதா எனக்கு வாசித்துக் காட்டினார். ‘சேதப்படுத்தியவர்’ என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்த பிறகே, எல்லாம் உண்மை என்று கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) த. விநாயகமூர்த்தி