காற்று போக ஒரு ஓட்டை

எங்கள் கடை முதலாளியின் பல்செட் உடைந்ததற்கு நான்தான் காரணம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம், எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும். காகிதத்தில் நான் செய்த பன் ஒன்றை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மனிதர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கடித்துவிட்டார். பன்னுக்கு ஒன்றும் ஆகவில்லை, மெதுவாக உப்பிப் பழைய உருவத்துக்கு வந்துவிட்டது. அவருக்குத்தான் முன்வரிசை போனது.

"யோவ், நிஜம் மாதிரியே செஞ்சு வெச்சா மனுஷன் என்னய்யா பண்ணுவான்?" என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.

என் கைவேலைக்கு வெளியாள் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

நான் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவன். தங்கை மகள் பள்ளியிலிருந்து வந்து, "ஸ்குவிஷி வேணும் மாமா" என்றபோது அது விளையாட்டா வியாதியா என்றுகூட எனக்குத் தெரியாது. அமுக்கி விளையாடும் பொம்மையாம், அவள்தான் செய்யக் கற்றுக்கொடுத்தாள். காகிதத்தில் கேக் வரைந்து வண்ணம் தீட்டவேண்டும். மேலே அகல டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டவேண்டும். அதே அளவில் இன்னொன்று வெட்டி, இரண்டையும் ஓரம் சேர்த்து ஒட்டி, நடுவில் பழைய தலையணைப் பஞ்சை அடைக்கவேண்டும். கடைசியாக ஒரு மூலையில் காற்று போக ஒரு ஓட்டை. அது இல்லையென்றால் முதல் அமுக்கிலேயே ஒட்டு பிரிந்து பஞ்சு வெளியே வந்துவிடும். ஓட்டை இருந்தால், அமுக்கும்போது உஸ்ஸென்று காற்று போகும், விட்டால் மறுபடி இழுத்துக்கொண்டு உப்பும்.

புதிதாக எதைச் செய்தாலும் முதலில் அவள் ருசி பார்க்கவேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓட்டையை உதட்டில் வைத்து, கண்ணை மூடி அமுக்குவாள். வரும் காற்றைச் சாப்பிடுவாள்.

"உப்பு பத்தல மாமா."

"அது கேக்குடி."

"அப்ப சர்க்கரை பத்தல. என்ன சமையல்காரர் நீங்க? போய் திரும்பச் செய்யுங்க."

அடுத்ததில் பஞ்சோடு ஒரு துளி வெனிலா எசன்ஸ் விட்டேன். பத்துக்கு ஒன்பது கொடுத்தாள். அந்த ஒரு மார்க்கை ஏன் குறைத்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஏன் எல்லாமே தின்பண்டமாகச் செய்தீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. அது பட்ட கத்தியால் வெட்டிய கேக்கும் ஆகாது. பிறந்தநாள் வீடுகளில் மற்றப் பிள்ளைகள் கேக் தின்ன, இவள் டப்பாவில் கொண்டுபோன ஆப்பிளைத் தின்பாள். மூன்று வயதில் யாரோ கொடுத்த பிஸ்கட்டால் முகமே பந்து மாதிரி வீங்கி மூச்சு அடைத்தபோது, செருப்புகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அன்றிலிருந்து அவளுடைய அவசர ஊசி ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. கடையில் எதை வாங்கினாலும் பின்னால் திருப்பி லேபிள் படிப்பேன். சோப்பைக்கூட விட்டதில்லை.

அவளுடைய அப்பா அவள் பிறப்பதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். தங்கைக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. "ஆறு மாசம் பாத்துக்கோ அண்ணா" என்றாள். அந்த ஆறு மாதம் நாலு வருஷம் ஓடியது. நான் குறை சொல்லவில்லை. இன்னும் நாற்பது வருஷம் ஓடியிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

இந்த வருஷம் தங்கை வேலையைத் தற்காலிகமாக இங்கே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். நாலு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு பார்த்துக் குழந்தையைக் கூட்டிக்கொண்டாள். ஞாயிறுதோறும் அனுப்புகிறேன் என்றாள். பிறகு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு. பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"என் வேலைய அந்த ஊர்லயே நிரந்தரமாக்கிட்டாங்க அண்ணா. அடுத்த மாசம் பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"லேபிள் படிக்கத் தெரியுமா உனக்கு?"

"கத்துக்கறேன். அவ என் பொண்ணுண்ணா."

கற்றுக்கொள்கிறேன் என்றாள் பாருங்கள், அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. இவள் கற்றுக்கொண்டு முடிக்கும்வரை குழந்தை என்ன ஆவது? அதனால் முன்கூட்டியே ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இதில் என்ன தப்பு என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

நான் செய்ததிலேயே அழகானது அந்தக் கேக் துண்டு. மூன்று அடுக்கு, மேலே ஒரு ஸ்ட்ராபெர்ரி. பஞ்சோடு பஞ்சாக வறுத்த வேர்க்கடலைப் பொடி கொஞ்சம் வைத்தேன். வாசனை தெரியாமலிருக்க வெனிலாவைத் தாராளமாக விட்டேன். ஓட்டையை வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டினேன்.

எனக்கு எறும்பை மிதித்தாலே மனசு கேட்காது மேடம். நான் எதிர்பார்த்தது லேசான தடிப்பு, உதட்டில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். தங்கை பதறிப்போய் எனக்குப் போன் செய்வாள். எதிர்ச்சாரியில் நிற்கும் நான் ஊசியோடு இரண்டு நிமிஷத்தில் மேலே போய்விடுவேன். அதற்கப்புறம் அவளே, "என்னால முடியாது, நீயே வெச்சுக்கோ அண்ணா" என்று சொல்லிவிடுவாள்.

தங்கை வீட்டு ஊசி எங்கே போனது என்று கேட்கிறீர்கள். அதுவும் என்னிடம்தான் இருந்தது. கேக்கைக் கொடுக்கப் போனபோது அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன். இரண்டும் பொறுப்பான ஆள் கையில் இருப்பது நல்லது.

ஞாயிறு, மாலை நாலு மணி. நான் கீழே வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் சலவைக்கடை நிழலில் நின்றேன். மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் குழந்தை கேக்கோடு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். சமையல்காரர் முன்னாலேயே ருசி பார்க்கவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அங்கேயே நின்று உதட்டில் வைத்துக் கண்ணை மூடினாள். ஒரு தடவை அமுக்கினாள். இன்னொரு தடவை. பிறகு ஒரு கையைத் தூக்கி ஐந்து விரலை விரித்தாள். இன்னொரு கை கழுத்துக்குப் போய்விட்டது. பத்துக்கு ஐந்துதானா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

அதற்கப்புறம் அவள் கண்ணாடியைத் தட்டினாள். என்னைப் பார்த்துத்தான் தட்டினாள். நான் கையசைத்தேன்.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. அது அடிக்காமல் நான் எப்படி மேலே போவது? நான் கீழே நிற்பதே தங்கைக்குத் தெரியாதே. ஜன்னலில் குழந்தையின் தலை கீழே இறங்கியது. தங்கை ஓடிவந்தது தெரிந்தது. ஆம்புலன்ஸ் வரப் பத்தொன்பது நிமிஷம் ஆனது. இரண்டு ஊசியும் என் சட்டைப் பையில் இருந்தன. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

குழந்தை வாயில் தன் வாயை வைத்து ஊதிக்கொண்டே தங்கை படியிறங்கினாள். பரீட்சையில் அவள் தேறிவிட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். கடைசிவரை என்னைக் கூப்பிடவில்லையே, அதற்கு மார்க் குறைக்காமல் இருக்க என்னால் முடியாது.

செய்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். பொடி, ஓட்டை, ஊசி, பத்தொன்பது நிமிஷம், எதையும் மறைக்கவில்லை. ஐந்து நாளாக நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கண் விழித்துவிட்டாள், பேசுகிறாள் என்று சொன்னீர்கள். அவள் என்னைக் கேட்டாளா? முதல்நாள் "அதை அப்புறம் பேசலாம்" என்றீர்கள். அடுத்த நாள் "டீ ஆறுது, குடிங்க" என்றீர்கள். நேற்று எழுந்தே போய்விட்டீர்கள். நாலு வருஷம் தலைவாரிப் பின்னிவிட்ட கை இது மேடம். கேட்காமல் இருந்திருக்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கிறீர்கள்.

"கேட்டா. கண்ணு முழிச்சதும் முதல்ல உங்களப் பத்திதான் கேட்டா."

நான் சொன்னேனே.

"மாமா இருக்கிற ரூமை வெளியில பூட்டியிருக்காங்களான்னு கேட்டா. ஆமா, பூட்டித்தான் இருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் தூங்கினா."