ஒரு சாண் கீழே இறங்கிய ஸ்டூல்

– திரும்பாத மச்சான்! முதுகைக் காட்டிட்டு நில்லுன்னு சொன்னா, திருட்டுப் பூனை மாதிரி தோள் வழியா எட்டிப் பாக்குற. கண்ணு பாத்துச்சுன்னா காது சோம்பேறி ஆயிடும். இப்ப கேளு. இது ஒண்ணு... இது ரெண்டு. எது ஒசத்தி?

– ரெண்டும் டும்முன்னுதான் இருக்கு மாப்ளே.

– டிரம்ஸ் டும்முன்னுதான் இருக்கும், பின்ன மியாவ்னா கத்தும்? இத்தனை வருஷமா எனக்கு முன்னாடி மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. பின்னாடி என்ன சத்தம் வருதுன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா?

– கோவிச்சுக்காதீங்க சார். பாடுறவங்களுக்குத் தன் குரல் மட்டும்தான் கேக்கும். எங்க கடைக்கு வர்ற எல்லாப் பாடகரும் அப்படித்தான்.

– நல்லா சொன்னீங்க கடைக்காரம்மா. இவன் பகல்ல ஆபீஸ்ல முத்திரை குத்துறவன். அதுலயே தாளம் தப்பும்.

– நீங்க வேற மேடம், எரியுற கொள்ளியில எண்ணெய் ஊத்தாதீங்க. எது எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.

– முதல்ல அடிச்சது நடுத்தரம் சார். அடுத்தது ஒசத்தி. நடுத்தரத்தை விட ஒசத்தி ரெண்டு மடங்கு விலை. சத்தமும் ரெண்டு மடங்கு நல்லா இருக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வியாபாரத்துக்குத் தேவைப்பட்டா மட்டும்தான் சொல்வேன்.

– இப்ப மெதுவா அடிக்கிறேன், கேளு. தூங்குற குழந்தையைத் தட்டிக் குடுக்குற மாதிரி. அதாவது மச்சான், ஓங்கி அடிச்சா எல்லா செட்டும் கத்தும். மெதுவா அடிக்கும்போதுதான் குணம் தெரியும். இதைப் பாரு, நடுத்தரம், வாயை மூடிக்கிச்சு. இது ஒசத்தி... கேட்டியா? காதுக்குள்ள வந்து பேசுது.

– நாம என்னைக்கு மாப்ளே மெதுவா வாசிச்சிருக்கோம்? கல்யாணத்துல, பிறந்தநாள் விருந்துல, கூட்டம் ஆடி முடிக்கிற வரைக்கும் போட்டுச் சாத்துறதுதானே நம்ம பொழப்பு?

– அதனாலதான் கேக்குறேன். கடைக்காரம்மா, அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள முழு செட்டும் பூட்டி வெச்சிருக்கீங்களே, அதுவும் ஒசத்திதானே? கதவைச் சாத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் ஆசை தீர அடிச்சுட்டு வரவா?

– தாராளமா போங்க சார். உள்ள போடுற சத்தம் வெளிய வராது, வெளிய பேசறதும் உள்ள கேக்காது.

– மச்சான், அங்கேயே நின்னு பாரு. அசந்துடுவ.

– பாக்குறேன், பாக்குறேன். நீ போ... மேடம், கதவு நல்லா சாத்திடுச்சா?

– சாத்திடுச்சு சார். ஏன் உங்களுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? ஃபேன் போடவா?

– ஃபேன் வேணாம். நடுத்தர செட்டே போதும்னு அவன்கிட்ட கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க, புண்ணியமா போகும்.

– காசு இடிக்குதா?

– காசு எங்க பாட்டுக் குழுவோடது. ஒசத்திக்கே பத்தும். ஆனா அவன் சந்தோஷப்படுறதை என்னால பாக்க முடியல. அந்த செட்டு அவனுக்கு இல்ல மேடம்.

– என்னது?

– மெதுவா, மெதுவா. அவன் பெயின்ட் அடிக்கிற வேலை பாக்குறவன். போன வருஷம் ஏணியில இருந்து விழுந்துட்டான். தோள் போச்சு. முதல் மூணு பாட்டு நல்லாத்தான் போகும். அப்புறம் கை தளந்துடும். பாட்டு முன்னாடி போகும், தாளம் பின்னாடி நொண்டிக்கிட்டு வரும். போன மாசம் ஒரு கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடறப்ப ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சு, அந்தப் பொண்ணு அழுதுடுச்சு.

– ஐயோ பாவம்.

– அவங்க வீட்டுல பாதிப் பணம்தான் குடுத்தாங்க. அன்னிக்கே குழுவுல முடிவு பண்ணிட்டாங்க, வேற ஆளைப் போட்டுடலாம்னு. ஒரு பொண்ணு கிடைச்சிருக்கு. பல் டாக்டர்கிட்ட உதவிக்கு இருக்கு. கை அப்படியே கடிகாரம். அடுத்த கல்யாணத்துக்கு அதுதான் வாசிக்கப் போகுது.

– இவருக்கு யார் சொல்றது?

– நான்தான். என் தங்கச்சி புருஷனாம், நான் சொன்னா வலிக்காதாம். வண்டியில வர்றப்பவே சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். "பழைய செட்டு போயிடுச்சு மாப்ளே, புதுசு வாங்கணும்"னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அவன் முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. மிச்சத்தை விட்டுட்டு நேரா இங்க வண்டியை விட்டேன்.

– அதுக்காக, அவர் இடத்துக்கு வரப்போற ஆளுக்கு அவரையே செட்டு பொறுக்க வெச்சிருக்கீங்களா? நல்லா இருக்கு சார் உங்க குடும்பம்!

– எங்க குழுவுல டிரம்ஸைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தானே மேடம்! வேற யாரைக் கூட்டிட்டு வர்றது?

– அவருக்குச் சந்தேகமே வரலையா?

– வர வழியே இல்ல. அந்தப் பொண்ணு அவன் செட்டுலதான் உக்காந்து வாசிச்சுக் காட்டுச்சு. தன் வசதிக்கு எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சுச்சு. அதுக்கு முன்னாடியே நாங்க போட்டோ எடுத்து வெச்சிருந்தோம். அது போனதும் அந்தப் போட்டோவைப் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா பழையபடி வெச்சுட்டோம். இம்மி பிசகல.

– சார், உள்ளேருந்து கையாட்டுறார்.

– நீங்களும் ஆட்டுங்க. சிரிங்க மேடம், சிரிங்க.

– சிரிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் சார். பில் போடறதுக்குள்ள சொல்லிடுங்க. முன்னாடி சொன்னா அது வெறும் கெட்ட செய்தி. வாங்கின அப்புறம் சொன்னா அது துரோகம்.

– அவன் முகத்தைப் பாருங்க மேடம். இதுக்கு மேல எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போனா என் தங்கச்சி தோலை உரிச்சு அந்த டிரம்முக்கே மாட்டிடுவா.

– வர்றார், வர்றார். முகத்தைத் துடைங்க.

– மச்சான்! நீ வெளிய நின்னு கோட்டை விட்டுட்ட. உள்ள வந்து கேட்டிருக்கணும். கீழ இருக்குற பெரிய பேஸ் டிரம்மை மிதிச்சா வயித்துக்குள்ள கேக்குது. அந்த ஸ்டூல் இருக்கே, அதுவே தனி ரகம். ஆங், ஸ்டூல்னதும் ஞாபகம் வருது. போன வாரம் நம்ம செட்டுல வந்து உக்காந்தா, ஸ்டூல் ஒரு சாண் கீழே இறங்கிக் கிடந்துச்சு. முழங்கால் மூக்குல இடிக்காத குறை.

– ஸ்டூலா? ஐயய்யோ... அது வந்து... மறை லூசாகி இருக்கும் மாப்ளே.

– மறை நல்லா இறுக்கித்தான் இருந்துச்சு. மடிக்கு நேரா இருக்குற ஸ்நேர் டிரம் தோல்லயும் புதுசா குச்சித் தடம். என் அடி எங்க விழும்னு எனக்குத் தெரியாதா? இது அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கு.

– யாராவது... வீட்டுப் புள்ளைங்க யாராவது வந்து விளையாடி இருக்கும்.

– புள்ளைங்களா? இருக்கும், இருக்கும். ஆனா ஒண்ணு மச்சான், விளையாடின புள்ளைக்கு நல்ல கை. அத்தனை அடியும் ஒரு காசு அகலத்துக்குள்ள விழுந்திருக்கு. நான் நல்லா இருந்த காலத்துலயே என் தடம் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்.

– சார், இந்தாங்க, தண்ணி குடிங்க.

– இவனுக்கு எதுக்கும்மா தண்ணி? உள்ள மூச்சு வாங்க அடிச்சது நான்.

– அவர் பாத்தே களைச்சுட்டார் சார்.

– சரி மாப்ளே, பேச்சை விடு. நடுத்தர செட்டே வாங்கிடலாம். நாம லாரியில ஏத்துறோம், இறக்குறோம். ஜூஸை ஊத்துறான், கேக்கைக் கொட்டுறான். ஒசத்தி செட்டு மேல கீறல் விழுந்தா நெஞ்சு பதறாதா? மேடம், சொல்லுங்களேன்.

– அவர் சொல்றது தப்பு இல்ல சார். நடுத்தரத்துக்குத் தோலை மட்டும் நல்லதா மாத்தி, நல்ல சிம்பல் தட்டா ரெண்டு போட்டா, மண்டபத்துல எவனும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டான். இதைச் சொன்னதுக்காக எங்க முதலாளி என்னைத் திட்டுவார்.

– முதலாளி யாரு?

– நான்தான் சார்.

– ஹா! பாத்தியா மச்சான், இவங்க நம்ம ஆளு.

– எடையையும் யோசி மாப்ளே. ஒசத்தி செட்டு ஸ்டாண்டு ஒவ்வொண்ணும் இரும்புத் தூண் மாதிரி இருக்கு. உன் தோளுக்கு அதைத் தூக்கி மாடிப்படி ஏற முடியுமா?

– தூக்க வேண்டியவங்க தூக்கிக்குவாங்க.

– யாரு தூக்குறது?

– அட, அது அப்புறம். மச்சான், நான் குழுவுல சேந்தப்ப நீங்க எனக்குக் குடுத்த செட்டு ஞாபகம் இருக்கா?

– அந்தப் பச்சை செட்டா? அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துற?

– பெடலை மிதிச்சா ஒரு நொடி கழிச்சுத்தான் எந்திரிக்கும். ஸ்டாண்டு நடுப் பாட்டுல மடங்கி என் மடியில விழும். நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க? "பையன் கை சரியில்ல"ன்னீங்க. நானும் நம்பிட்டேன் மச்சான். ராவெல்லாம் தலையணையைப் போட்டு அடிச்சுப் பழகுனேன். உன் தங்கச்சி அப்ப எதிர்வீட்டு ஜன்னல்ல நின்னு சிரிச்சா. அது ஒண்ணுதான் அதுல லாபம்.

– அவ சிரிச்சதை நானும் பாத்தேன். அதுல எனக்குத்தான் நஷ்டம்.

– அப்புறம் ஒரு நாள் வேற ஊர்ல, வேற ஆளோட செட்டுல உக்காந்தேன். கை பறந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது, தப்பு என் கையில இல்லன்னு. செட்டு மட்டமா இருந்தா பழி கை மேல விழும் மச்சான். இனிமே நம்ம குழுவுல அடிக்கிற கைக்கு அந்தத் தவிப்பு வேணாம். ஏதாவது தப்பு வந்தா அது கையோட தப்பாவே இருக்கட்டும். ஒசத்தியே போடுங்க கடைக்காரம்மா.

– நிச்சயமா சார்?

– நிச்சயமா. அப்புறம், அந்த முட்டை மாதிரி இருக்கே, குலுக்குனா சரசரங்குமே, அது ஒண்ணு குடுங்க. அதுக்குத் தனி பில். அது எனக்கு, என் காசு.

– இந்த வயசுல கிலுகிலுப்பை எதுக்கு மாப்ளே?

– கேளேன்... சிக்கு சிக்கு சிக்கு சிக்கு. தோளே அசைய வேணாம், மணிக்கட்டு போதும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் குலுக்கலாம்.

– பில் போடலாம் சார். ஆனா உங்க மச்சான் ஏதோ சொல்லணும்னு சொல்லிட்டு இருந்தாரே. சொல்லுங்க சார். நான் இன்னும் பேனா மூடியைத் திறக்கல.

– மாப்ளே...

– சொல்லு.

– அது வந்து...

– சொல்லு மச்சான், நான் எங்கயும் ஓடிப் போகல.

– இந்த செட்டு... இந்த செட்டு உனக்குத்தான் மாப்ளே. எவன் என்ன சொன்னாலும் உனக்குத்தான். பாட்டு நொண்டட்டும், கல்யாணப் பொண்ணு அழட்டும், பாதிப் பணம் வரட்டும். நீ அடி. உன் வேகத்துக்கு நான் மெதுவா பாடிக்கிறேன். குழுவுல யாராவது வாயைத் திறந்தா நானும் உன்கூட வெளிய வந்துடறேன்.

– சார்! இதையா சொல்லச் சொன்னேன்?

– நானும் இதைச் சொல்லணும்னு வரல மேடம். வாயைத் திறந்தா இதுதான் வருது. நான் என்ன பண்ணட்டும்?

– டேய் மச்சான், மூக்கை உறிஞ்சாதடா. கடையில நின்னு அழுதா தள்ளுபடி கிடைக்கும்னு பாக்குறியா?

– கிடைக்காது சார். அழுகைக்கெல்லாம் குடுத்தா நான் கடையை மூட வேண்டியதுதான். சரி, உங்க குடும்பம், உங்க இஷ்டம். இப்படி வந்து உக்காருங்க சார். உங்க உயரத்துக்கு ஸ்டூலையும் ஸ்டாண்டையும் பூட்டி, அடையாளம் போட்டே குடுத்துடறேன்.

– என் உயரம் எதுக்கும்மா? ஸ்டூலை ஒரு சாண் இறக்குங்க, இடப்பக்கம் இருக்குற அந்த ஜோடித் தட்டு, ஹை-ஹாட்டை, வலப்பக்கம் மாத்துங்க. அன்னிக்கு விளையாடின நம்ம வீட்டுப் புள்ளைக்கு இடது கைப் பழக்கம்.